பெயரோடு போன மீசை

விசேஷ வீட்டுக்குள் நான் நுழைந்ததும், "போட்டோகிராபர் வந்துட்டாரு, வழி விடுங்க" என்பார்கள். அவர்கள் மீது தப்பில்லை. என் தோளில் கேமரா பை தொங்கும், கையில் லைட் குடை இருக்கும். எனக்குப் பின்னால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வரும் என் மனைவிதான் போட்டோகிராபர் என்று யாருக்கும் தோன்றாது. நானும் சொல்லாமல் இருப்பதில்லை. "நான் இல்லீங்க, எங்க வூட்டம்மாதான்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். ஆனால் என் குரல் எனக்கும் என் சட்டைப் பைக்கும் மட்டும் கேட்கிற குரல். மேளச் சத்தத்தில் அது எங்கே போகும்?

எனக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கரி போகும் பெல்ட்டுக்குக் கீழே சிந்துவதை அள்ளிப் போடும் கூட்டத்தில் ஒருவன். ஷிப்ட் இல்லாத நாட்களில் அவளோடு போய் லைட் பிடிக்கிறேன். கூச்சப்படும் ஆளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. லைட் பிடிக்கிறவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் கண் கூசும்.

அவள் மைன்ஸ் டவுன்ஷிப் பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் அடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தாள். அடுத்தவர் எடுத்த படங்களை கம்ப்யூட்டரில் சரி செய்துகொண்டே, 'இதை இப்படி எடுத்திருக்கக் கூடாது' என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வாள். கேட்டுக் கேட்டு ஒருநாள், "அப்போ நீயே எடேன்" என்றேன். நான் உரக்கச் சொன்ன சில விஷயங்களில் அதுவும் ஒன்று. வடக்குத்து ஊரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன் அறைதான் இப்போது ஸ்டுடியோ. கடைக்குப் பெயர் வைக்கும்போது குலசாமி பெயர், அவளுடைய அப்பா பெயர் என்று சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் தன் பெயரையே வைத்துக்கொண்டாள். எழுதி முடித்த போர்டைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று நெடுநேரம் பார்த்தாள். "எழுத்து கோணலா இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல, சும்மா பாக்கறேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் பிளக்ஸ் இல்லாமல் முடியாது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், எதுவாக இருந்தாலும் வளைவுக்கு வளைவு சவுக்குக் கழியில் ஒரு படம் நிற்கும். அந்தப் படத்தின் மூலையில் அவள் பெயர் சின்னதாக இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் அதைப் படிப்பார்கள். பொம்பளை பெயராக இருக்கிறதே என்று விசாரிப்பார்கள். சடங்கு வீட்டில் பெண் பிள்ளைகளைப் படமெடுக்க ஒரு பெண் வந்தால் அம்மாக்களுக்கு நிம்மதி. அப்படித்தான் அடுத்த வேலை வரும். நேரில் என்னைத்தான் போட்டோகிராபர் என்று நினைக்கிறார்கள். படத்தின் மூலையில் மட்டும்தான் உண்மை எழுதியிருந்தது.

ஒருநாள் சேத்தியாத்தோப்பில் ஒரு வேலையை முடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே அவள் எடுத்த மஞ்சள் நீராட்டுப் படம் ஒன்று பெரிய பிளக்ஸில் நின்றது. அவள் பெயர் இருந்த மூலையில் ஒரு தாமரைப்பூ இருந்தது. அடியில் பிளக்ஸ் கடையின் பெயரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் இருந்தன. பஸ் தாண்டிப் போன பிறகும் அவள் திரும்பிப் பார்த்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "பூ நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அதன் பிறகு ஒரு வக்கீலம்மா வீட்டு விசேஷத்துக்குப் போனபோது இவள் இந்த விஷயத்தைக் கேட்டாள். அந்த அம்மா பந்தியில் எங்களோடு உட்கார்ந்து, இலையில் விரலால் கோடு போட்டு விளக்கினார். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு பேச்சு இல்லாத பட்சத்தில், உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போய்விடும். அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 'இதை எடுத்தது நான்' என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதை எடுத்தவரை விட்டுப் போகாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முன்பாதி எனக்கு ரசத்தோடு கரைந்துவிட்டது. பின்பாதி மட்டும் நன்றாகப் புரிந்தது. இவளுக்கு இரண்டும் புரிந்தது.

அன்றிலிருந்து எந்த வேலைக்கும் முன்னாலேயே சொல்லிவிடுவாள். முதலில் சாம்பிள் படங்கள் வரும். அவற்றின் குறுக்கே கடைப் பெயர் மங்கலாக ஓடும். அது எந்தப் படம் வேண்டும் என்று பார்த்துச் சொல்வதற்கு மட்டும். தேர்ந்தெடுத்தால் குறுக்கே எழுத்தில்லாத படத்தைக் கொடுப்பாள். பிளக்ஸ் போடுவதானால் மூலையில் அவள் பெயர் சின்னதாக இருக்கும், அதை அழிக்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டுவார்கள். பந்தலையும் சமையலையும் நினைத்துக்கொண்டிருக்கிற தலை எதற்கும் ஆடும்.

சிலர் கேள்வியும் கேட்பார்கள். காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் செய்யும் ஒருவர், தன் மகளின் காதுகுத்துக்கு இவளைப் பேச வந்தவர், கேட்டார்: "மூஞ்சி எங்களுது, காசும் எங்களுது. குறுக்க எதுக்குமா உம் பேரு?"

இவள் அவர் சட்டைக் காலரைப் பார்த்தாள். "அண்ணே, இந்தச் சட்டைக்குத் துணி யாரு எடுத்தது?"

"நாந்தான்."

"கூலி?"

"அதும் நாந்தான் குடுத்தேன்."

"காலர்ல டெய்லர் பேரு வெச்ச பட்டி இருக்குமே. அத கத்திரியால வெட்டிட்டா போட்டுக்கினு இருக்கீங்க?"

அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார். சரிம்மா என்று தலையாட்டினார்.

அவரோடு பேசியாயிற்று. ஆனால் பூவை ஒட்டிய பிளக்ஸ் கடைக்காரரிடம் யார் பேசுவது? "நான் போனா சண்டையாயிடும், நீங்க போங்க" என்றாள். நான் போனால் சண்டை ஆகாது என்பது நிச்சயம். பேச்சே ஆகாது என்பதும் நிச்சயம். வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். லைட் குடையைச் சுவரோரம் நிற்க வைத்து, அதுதான் பிளக்ஸ் கடைக்காரர் என்றாள். குடையிடம் நன்றாகத்தான் பேசினேன்.

கடையில் மனுஷன் மிகவும் நல்லவராக இருந்தார். அதுதான் சிக்கல். "வாங்கண்ணே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். யாருக்கோ அடித்துக்கொண்டிருந்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸைக் காட்டி, பின்னால் மேகம் போடலாமா மலை போடலாமா என்று என்னைக் கேட்டார். மேகம் என்றேன். பெயரைப் பற்றிய பேச்சு தொண்டை வரை வந்தது. அதற்குள் வண்டி வந்துவிட, பிளக்ஸ் மரச்சட்டங்களை ஏற்றிக் கட்ட ஒரு கை வேண்டியிருந்தது. என் கையைக் கொடுத்தேன்.

வீட்டில் இவள் வாசலிலேயே நின்றாள். "இன்னாங்க, சொன்னீங்களா?"

"டீ நல்லா இருந்துச்சி" என்றேன்.

அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தாள். ஆனாலும் அன்று எனக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றவில்லை.

காதுகுத்துக்கு முன்பாக, முந்திரித் தோப்பில் வைத்துக் குழந்தையையும் தாய்மாமனையும் படமெடுக்க வேண்டும் என்று வியாபாரி சொன்னார். மாமன் மடியில் வைத்துத்தானே மொட்டையும் காதுகுத்தும். ஆகவே பிளக்ஸில் மாமன்தான் நடுநாயகம். மாமன் சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் விவசாயம். அவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் மீசையைப் பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் முறுக்கி, நுனி கன்னத்தில் ஏறி நிற்கும். வந்ததும் என்னிடம், "போட்டோகிராபரே, மீசை நல்லா வுழணும்" என்றார். நான் வழக்கம்போல் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், வழக்கம்போல் அவருக்குக் கேட்கவில்லை.

இரண்டு வயது தாண்டிய குழந்தை. மாமன் தூக்கினால் அழுதது. கீழே விட்டால் முந்திரிச் சருகை அள்ளி வாயில் போட்டது. நல்ல வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பதற்றம். இவள் கேமராவை இறக்கிவிட்டு, மாமனைச் சருகின் மேல் உட்காரச் சொன்னாள். குழந்தையை மடியில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் எங்காவது பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாள். என்னை, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளித் துணியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். பிறகு ஒன்றும் செய்யாமல் மண்டியிட்டுக் காத்திருந்தாள். யாரும் தன்னைக் கவனிக்காததால் சலித்துப்போன குழந்தை, மேலே பார்த்தது. மீசை நுனியைக் கண்டது. மெதுவாகக் கையை நீட்டி, கொத்தாகப் பிடித்து இழுத்தது. மாமன் "ஆ" என்று குனிய, குழந்தை சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். அந்த ஒரு கணத்தை இவள் எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மட்டும் பல தடவை திறந்து பார்த்தாள். "இந்த மாதிரி இன்னொண்ணு அமையாதுங்க" என்றாள். "இந்தப் படம் வளைவுல நின்னா, ரோட்ல போறவங்க வண்டிய நிறுத்துவாங்க." சாம்பிள்களை அனுப்பினாள். எது வேண்டும் என்று வியாபாரி சொல்வார், தெளிவான படத்தை அனுப்பலாம் என்று காத்திருந்தோம். பதில் வரவில்லை. முந்திரிக்கொட்டை வரும் பருவம், மனுஷன் மூட்டைகளுக்கு நடுவே இருந்தார். இவள் போன் செய்தபோது "பாத்துச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டார்.

காதுகுத்து அன்று காலையில் காடாம்புலியூர் போய் இறங்கினோம். தெரு முனையிலேயே பிளக்ஸ் நின்றது. அந்தப் படமேதான். இவள் வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் மூலையைப் பார்த்தாள். பெயர் இல்லை. குறுக்கே பார்த்தாள். அங்கும் இல்லை. முகம் சுருங்கியது. பிறகு படத்தையே உற்றுப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க, மாமன பாருங்க."

பார்த்தேன். மாமனுக்கு மீசை இல்லை.

பின்னால்தான் எல்லாம் தெரிந்தது. வியாபாரி குறுக்கே எழுத்து ஓடிய சாம்பிளையே, நான் டீ குடித்த அதே பிளக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டார். போனில் வந்துவிட்ட படம்தானே, இன்னும் என்ன கேட்பது என்று நினைத்திருக்கிறார். கடைக்காரர் எழுத்தை அழிக்கும் ஒரு ஆப்பில் போட்டுத் துடைத்திருக்கிறார். இவள் பெயர் குழந்தையின் முழங்காலில் ஆரம்பித்து மாமனின் மேல் உதட்டில் போய் முடிந்திருந்தது. ஆப் பெயரைத் துடைத்தது. கறுப்பாகப் பக்கத்தில் இருந்ததையும் சேர்த்துத் துடைத்தது. காலியான இடத்தில் மழமழவென்று தானாகவே ஒரு உதட்டைச் செய்து வைத்தது. கடைக்காரர் அந்த மாமனை நேரில் கண்டதில்லை. சுத்தமாக இருக்கிறதே என்று அச்சடித்துவிட்டார். படத்தில் யாரோ ஒரு வழவழப்பான ஆள் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் முகத்துக்கு முன்னால் வெறும் காற்றைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அவரு வர்றதுக்குள்ள அவுத்துடலாமா?" என்று இவள் கேட்டாள். நான் கயிற்றில் கை வைத்தேன். அப்போதே ரோட்டுப் பக்கம் மேளம் கேட்டது. மாமன் சீர்த்தட்டுகளோடு வந்துவிட்டார்.

அவருக்கு முன்னால் அவர் மீசை வந்தது. புதிதாக எண்ணெய் போட்டு முறுக்கியிருந்தார். பிளக்ஸின் முன்னால் வந்ததும் நின்றார். மேளக்காரர்களும் அவரைப் பார்த்து நின்றார்கள். தட்டு தூக்கிவந்த பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்து நின்றார்கள். வரவேற்க ஓடிவந்த குழந்தையின் அம்மா, அவருடைய அக்கா, பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா" என்றார் மாமன், பிளக்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் வரமாட்டேன்னு வேற மாமன புடிச்சிட்டியா?"

"டேய், அது நீதாண்டா."

"நானா? அப்ப இது யாரு?" என்று மீசையைத் தொட்டுக் காட்டினார்.

அவர் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வந்தது. மாமன் மூஞ்சியை மாற்றிவிட்டு மாமன் சீரை மட்டும் வாங்கிக்கொள்வீர்களா என்று ஒரு பெரியவர் கேட்டார். கூட்டத்தில் ஒரு அம்மா, பக்கத்திலிருந்தவளிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "குழந்தைக்கு மொட்ட அடிக்கச் சொன்னா, மாமனுக்கு அடிச்சி வெச்சிருக்காங்க." சிலர் சிரித்தார்கள். மாமன் சிரிக்கவில்லை. தட்டுகளைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, தெரு முனையிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே பந்தலில் காது குத்தும் பத்தர் ஊசியோடு காத்திருந்தார். மாமன் மடி இல்லாமல் யார் காதைக் குத்துவது?

முந்திரி வியாபாரி வேர்க்க வேர்க்க வந்தார். சுற்றிப் பார்த்தார். கேமரா பையோடு நின்ற நான்தான் கண்ணில் பட்டேன்.

"போட்டோகிராபரே, இன்னாய்யா படம் எடுத்து வெச்சிருக்க? மனுசன் மீசைய காணோம்."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. லைட் என் கையில் இல்லை; யாருக்கும் கண் கூசவில்லை. நான் இவளைப் பார்த்தேன். கேமராவை மார்போடு பிடித்துக்கொண்டு இவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் பேசத் தெரியாதவள் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வியாபாரி அடங்கியிருப்பார். ஆனால் பேசவில்லை. இது என்னிடம் கேட்ட கேள்வி என்று விட்டுவிட்டாள் போல.

மேளம் நின்றிருந்தது. அது என் அதிர்ஷ்டம்.

"படம் எடுத்தது நான் இல்லீங்க" என்றேன். பந்தல் வரைக்கும் கேட்டது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "இவங்க எடுத்தது. நான் லைட் புடிக்கிறவன். படத்து மேல இவங்க பேரு இருந்துச்சி. இவங்கள கேக்காம அந்தப் பேர அழிச்சாங்க. மீசையும் கூடவே போயிடுச்சிங்க."

மொட்டை என்று கேலி பேசிய அந்த அம்மாதான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தட்டுத் தூக்கிய பெண்களிடம் போய், மேளக்காரர்களிடம் போய், கடைசியில் மாமன் கட்டியிருந்த கையை அவிழ்த்தது.

"அந்தப் பேரு இருந்த படம் எங்க?" என்று கேட்டார். இந்த முறை என்னைக் கேட்கவில்லை.

இவள் போனில் எடுத்துக் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கி, வெயில் படாமல் மறைத்துப் பார்த்தார். குழந்தை மீசையைப் பிடித்து இழுக்கிறது. வலியும் சிரிப்புமாக அவர் குனிகிறார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இதான் நானு" என்றார். பிறகு, "நீயாம்மா எடுத்த?" என்றார்.

"ஆமாங்கண்ணே. அன்னிக்குத் தோப்புல நாந்தான மண்டி போட்டுக்கினு இருந்தேன்."

"நீ ஏதோ கீழ வுழுந்தத தேடறேன்னு நெனச்சேன்."

வியாபாரி குறுக்கே வந்து, கேட்காமல் கொடுத்தது தன் தப்புதான், மூட்டை இறக்கும் அவசரத்தில் மறந்துவிட்டதாக மச்சானிடமும் இவளிடமும் சேர்த்துச் சொன்னார். "கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனேண்ணே" என்றாள் இவள், கோபமில்லாமல்.

மாமன் உள்ளே வர ஒப்புக்கொண்டார். ஆனால் பந்தி முடிவதற்குள் மீசையுள்ள படம் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்றார். "அந்தப் பொண்ணு பேரும் இருக்கணும். பேரு இருந்தாத்தான் எம் மீசைக்குக் காவல்" என்றார். பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டினோம். இவள் அங்கேயே நின்று தெளிவான படத்தைக் கடைக்காரருக்கு அனுப்பினாள். நான் அவருக்குப் போன் செய்தேன். நானாகவே. மூலையில் பெயர் இருக்கும், அதைத் தொடாதீங்க தம்பி என்றேன். குடையிடம் பேசியதைவிட நன்றாகவே வந்தது.

மொட்டை முடிந்து, காது குத்தும்போது குழந்தை மீசையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதது. மாமன் கண்ணிலும் தண்ணீர். அது பாசத்திலா இழுத்த இழுப்பிலா தெரியவில்லை. இவள் அதையும் எடுத்தாள். நான் லைட் பிடித்தேன்.

இரண்டாம் பந்தி நடக்கும்போது கடைக்காரர் வண்டியில் புதுப் பிளக்ஸைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாமனை நேரில் பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டார். இவளிடம் வந்து, "அண்ணி, நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். "உங்க அண்ணன அனுப்பினேனே" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சவுக்குக் கழியைப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் யார் படம் கொண்டுபோனாலும் அவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எடுத்தவங்கள கேட்டீங்களா?" என்பதுதான். இவள் எடுத்த படம் என்றால் போன் வந்துவிடும். மற்ற ஸ்டுடியோக்காரர்களிடமும் அப்படித்தான் கேட்டு அடிக்கிறார். மாமன் அந்தப் படத்தைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார், இவள் பெயர் தெரியும்படி. சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து வருகிற அழைப்புகளில் "மீசைப் படம் எடுத்தீங்களே, அந்த அம்மாவா?" என்று கேட்கிறார்கள்.

ஒரே ஒரு சங்கடம்தான். அன்று பயந்த கடைக்காரர் இன்னும் தெளியவில்லை. போன வாரம் எங்கள் வடக்குத்து வளைவில் ஒரு மஞ்சள் நீராட்டு பிளக்ஸ் நின்றது. அதில் சடங்குப் பெண்ணின் பெயரைவிட இவள் பெயர் பெரிது. தாய்மாமன் பெயரைவிடவும் பெரிது. யாருக்கு விசேஷம் என்றே குழப்பம் வரும். இவள் பார்த்துவிட்டு, "ஐயோ, வெக்கமா இருக்கு. போயி கொஞ்சம் சின்னதா போடச் சொல்லுங்க" என்று என்னை அனுப்பினாள்.

போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது அந்த வளைவில் சைக்கிளை நிறுத்தி, எதிர்ப்பக்கம் நின்று அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "சொன்னீங்களா?"

"டீ நல்லா இருந்துச்சி" என்றேன்.

அன்று இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றினாள்.